நாளைக்காகக் கவலைப்படாமல் நாளைக்கு ஆயத்தமாவது எப்படி?

அதிகாலை:

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு, "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்கிறார். அதே நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்து உவமையில், விளக்கோடு மணவாளனை எதிர்கொள்ளப் போன பத்துக் கன்னிகைகளில் எண்ணெய் எடுத்துவைக்காத ஐவருக்குக் கதவு அடைக்கப்படுகிறது. ஒரு பக்கம் நாளையை விட்டுவிடு என்கிறார். மறுபக்கம் நாளைக்கு ஆயத்தமாயிரு என்கிறார்.

இது எனக்கு வெறும் வேதபாடக் கேள்வி அன்று. என் வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது. சேமிப்பைப் பற்றிப் பேசினால் ஜெபக்குழுவில் விசுவாசக் குறைவு என்கிறார்கள். பேசாமல் இருந்தால் வீட்டில் பொறுப்பில்லாதவள் என்கிறார்கள். இரண்டு தரப்பும் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. இரவில் படுக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குற்ற உணர்வு வருகிறது. நீங்கள் இதை எப்படி வாழ்ந்து பார்க்கிறீர்கள்?

தீத்துவின் வாசகர்:

சகோதரி, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அன்றன்றைக்கு வந்த உணவாகிய மன்னாவிலிருந்து தொடங்கலாம். அனுதின விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். ஆனால் பாதியில் திரும்பிவிடுகிறார்கள்.

யாத்திராகமம் 16-ஐ முழுவதும் வாசியுங்கள். மோசேயின் சொல்லைக் கேளாமல் விடியற்காலம்வரை வைத்தவர்களின் மன்னா பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. பிரசங்கங்களில் பெரும்பாலும் இவ்வளவுதான் வரும். அதே அதிகாரத்தில் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைக்கச் சொல்கிறார். அது நாறவில்லை, பூச்சியும் பிடிக்கவில்லை. இன்னும் சற்றுக் கீழே, ஒரு ஓமர் அளவு மன்னாவைத் தலைமுறைதோறும் காப்பதற்காக ஒரு கலசத்தில் எடுத்துவைக்கிறார்கள். ஒரே மன்னா, எடுத்துவைப்பது என்கிற ஒரே செயல். ஒரு நாள் அது கீழ்ப்படியாமை, மற்றொரு நாள் கீழ்ப்படிதல், மூன்றாவது முறை நன்றியின் நினைவுச்சின்னம். ஆகவே சேமிப்பது பாவமா புண்ணியமா என்று பொதுவாகக் கேட்டால் வேதம் பொதுவான பதில் தராது. யாரை நம்பி வைக்கிறாய், எதற்காக வைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கும்.

யோசுவா 5:12-ஐயும் பாருங்கள். தேசத்தின் தானியத்தைப் புசித்த மறுநாளில் மன்னா நின்றுபோயிற்று. நாற்பது வருடம் வானத்திலிருந்து வந்தது நின்றதும் தேவன் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமா? இனி உழுது, விதைத்து, அறுத்து உண்ணவேண்டும். நம்பிக்கை அப்போதும் அவர்மேல்தான். பொறுக்கி எடுத்த நாளிலும் உழுத நாளிலும் கொடுத்தவர் ஒருவரே. ஒப்பந்தம் முடிகிறதே என்று நீங்கள் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பது விசுவாசத்தின் முடிவு ஆகாது.

விளக்குத்தண்டு:

வணக்கம். மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை இல்லாமல் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. எகிப்தில் யோசேப்பு தானியம் சேர்த்ததையும் ஆறாம் நாள் மன்னாவையும் காட்டிக்காட்டியே நாம் எவ்வளவு வேண்டுமானாலும் குவித்துக்கொள்ளலாம் என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறோம். யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கை வாங்கிச் சேர்த்தது ஒரு தேசமே பஞ்சத்தில் பிழைப்பதற்காக. லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானும் சேர்த்தான். தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். அவனுடைய பேச்சில் அவனைத் தவிர வேறு மனிதர் யாருமே இல்லை. பேசுவதுகூடத் தன் ஆத்துமாவோடுதான். அந்த இரவே அவன் ஆத்துமா கேட்கப்பட்டது.

சகோதரி அதிகாலை கேட்ட கேள்விக்கு அந்த லூக்கா 12-ஐயே பதிலாக வைக்கிறேன். நீங்கள் மத்தேயுவில் பத்தொன்பது அதிகார இடைவெளியில் பார்க்கிற இரண்டு கட்டளைகளும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. 22-ஆம் வசனத்திலிருந்து காகங்களையும் காட்டுப்புஷ்பங்களையும் காட்டிக் கவலைப்படாதிருங்கள் என்கிறார். 35-ஆம் வசனத்தில், "உங்கள் அரைகள் கட்டினதாகவும், உங்கள் விளக்குகள் எரிகிறதாகவும்" இருக்கட்டும், எஜமான் வந்து தட்டும்போது உடனே கதவு திறக்க இடுப்பைக் கட்டி ஆயத்தமாயிருக்கிற ஊழியக்காரரைப்போல் இருங்கள் என்கிறார். நடுவில் இருப்பது என்ன? 32: "பயப்படாதே சிறுமந்தையே, உங்களுக்கு ராஜ்யத்தைக் கொடுக்க உங்கள் பிதா பிரியமாயிருக்கிறார்." உடனே 33: உங்களுக்கு உள்ளவைகளை விற்றுப் பிச்சைகொடுங்கள்.

பிதா கொடுக்கப் பிரியமாயிருக்கிறார்; அதனால் கவலை வேண்டாம்; அதனால் கொடுக்கலாம்; கொடுக்கிறவனுடைய கை காலியாக இருப்பதால் அவன் எஜமானுக்குக் கதவு திறக்க உடனே எழுந்து போகலாம். பூட்டிக் காக்க நிறைய வைத்திருக்கிறவன் கதவு தட்டும் சத்தம் கேட்டால் பயப்படுவான். என் சேமிப்பு என்னைத் தாராளமாக்குகிறதா, இறுக்கமாக்குகிறதா என்பதுதான் நான் வைத்திருக்கிற அளவுகோல்.

மௌனமலர்:

நான் பெரும்பாலும் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவள். இந்தப் பேச்சில் எனக்கு இடமிருக்கிறதா என்று தெரியாமலேயே எழுதுகிறேன்.

என் அம்மா நெடுநாளாகப் படுக்கையில் இருக்கிறார். இரவில் பலமுறை எழவேண்டும். ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தில் நிற்கிறேன். ஆயத்தம் என்ற சொல்லே எனக்குப் பயம். சிறுவயதில் கேட்ட, ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றிய பிரசங்கங்களில் பாதி என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டில் யாருடைய சத்தமும் கேட்காவிட்டால் எல்லோரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் கைவிடப்பட்டேன் என்று அழுவேன். இப்போதும் பத்துக் கன்னிகைகளின் உவமையை வாசிக்கும்போது "உங்களை அறியேன்" என்கிற வார்த்தை எனக்கே சொல்லப்படுவதுபோல் இருக்கிறது. கிருபை, கிருபை என்கிறோம். அந்த உவமையில் கிருபை எங்கே இருக்கிறது?

மாற்கு ஒன்பது:

சகோதரி, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னான். விசுவாசத்தை முழுதாக்கிக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த ஜெபத்தின்மேலேயே அவன் பிள்ளையைக் குணமாக்கினார். நீங்கள் நிற்கிற அந்த ஒரே வசனம் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகளே மௌனமலர், உன் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுத விரும்புகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் மத்தேயு 25:5-ஐப் பார். மணவாளன் வரத் தாமதித்தபோது எல்லாரும் நித்திரை மயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐவரும் தூங்கினார்கள். தூக்கத்துக்காக அங்கே ஒருவரும் கடிந்துகொள்ளப்படவில்லை. களைத்துப்போன உடல் கண்ணயர்வதை ஆயத்தக் குறைவு என்று உனக்கு யார் சொன்னாலும் அவர் உவமையைச் சரியாக வாசிக்கவில்லை.

எண்ணெய் எது என்பதில் சபை வரலாற்றில் பல கருத்துகள் உண்டு. சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் அதை அன்பு என்று விளக்கினார். விசுவாசம் என்பாரும் உண்டு, பரிசுத்த ஆவியானவர் என்பாரும் உண்டு. எது என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். கடைசி நிமிடத்தில் ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கமுடியாத ஒன்று என்பது மட்டும் உவமையிலேயே தெளிவாக இருக்கிறது. பல சாதாரண நாட்களில், யாரும் பார்க்காத நேரத்தில், உள்ளே சேருவது அது.

அந்த அதிகாரத்தை அத்தோடு மூடிவிடாதே. கடைசிப் பகுதியான நியாயத்தீர்ப்புக் காட்சியில் வலதுபக்கம் நிற்கிறவர்கள் ராஜாவைப் பார்த்து, உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம், எப்பொழுது வியாதியுள்ளவராகக் கண்டு உம்மிடத்தில் வந்தோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கே தெரியாது! தாங்கள் ஆயத்தமாக இருந்ததை அறியாமலே ஆயத்தமாக இருந்திருக்கிறார்கள். வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று அவர் சொல்லும்போது, இரவில் பலமுறை எழுந்த ஒரு மகளை அவர் மறந்திருப்பார் என்றா நினைக்கிறாய்?

கிருபை எங்கே என்று கேட்டாய். சகோதரர் விளக்குத்தண்டு காட்டிய லூக்கா 12-இல் இன்னும் இரண்டு வசனம் தாண்டிப் போ. விழித்திருக்கிற ஊழியக்காரரை எஜமான் வந்து காணும்போது என்ன செய்கிறார்? தானே அரைகட்டிக்கொண்டு, அவர்களைப் பந்தியிருக்கச் செய்து, அவர்களுக்கு ஊழியஞ்செய்கிறார். எந்த எஜமான் அப்படிச் செய்வான்? அரைகட்டு என்று நமக்குச் சொன்னவரே நமக்காக அரைகட்டுகிறார். சீஷர்களின் கால்களைக் கழுவ எழுந்த அந்த இரவில் அவர் இதைத்தான் செய்தார். நாம் காத்திருப்பது இப்படிப்பட்ட ஒருவருக்காக. அவர் வருகையைச் சொல்லிப் பிள்ளைகளை நடுங்க வைப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு வருகையைப் பற்றி எழுதி முடித்ததும் சொன்னது, "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்பதே. தேற்றாத வருகைப் பிரசங்கத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

விளக்குத்தண்டு:

ஐயா, உங்கள் பதிலுக்குத் தலைவணங்குகிறேன். பயமுறுத்தும் பிரசங்கத்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலட்சியத்தை வைத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். கதவு அடைக்கப்பட்டது என்பதும் உவமையில் இருக்கிறதே. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் "மலிவான கிருபை" என்று ஒன்றைக் கண்டித்து எழுதினார். மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, சிலுவை இல்லாத சீஷத்துவம். 1939-இல் அமெரிக்காவில் பாதுகாப்பாகத் தங்கியிருக்க வாய்ப்பிருந்தும் சில வாரங்களில் நாடு திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் நாஜி வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். கிருபையை விலையேறப்பெற்றது என்று சொன்ன மனிதர் அதற்கேற்ப வாழ்ந்தார். நாம் மலிவாக்கிவிடக்கூடாது.

தீத்துவின் வாசகர்:

மலிவாக்காமல் இருக்க ஒரே வழி, கிருபை என்ன வேலை செய்கிறது என்பதைச் சரியாகச் சொல்வது. என் புனைபெயருக்குக் காரணமான பகுதி தீத்து 2:11-13. தேவகிருபை பிரசன்னமாகியது என்று தொடங்குகிறது. அந்தக் கிருபை என்ன செய்கிறது? போதிக்கிறது. எதை? அவபக்தியை வெறுக்கவும், தெளிந்த புத்தியோடும் நீதியோடும் தேவபக்தியோடும் இவ்வுலகத்தில் ஜீவிக்கவும், கிறிஸ்துவின் மகிமையின் பிரசன்னமாகுதலுக்கு எதிர்பார்த்துக்கொண்டிருக்கவும். ஒரே வாக்கியத்தில் மூன்றும் இருக்கின்றன. ஆயத்தத்தைக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியரே கிருபைதான். நாம் ஆயத்தமாகி முடித்தபின் பரிசாக வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால் ஆயத்தம் ஒரு தேர்வு ஆகிவிடும்; சகோதரி மௌனமலரைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியர் கூடவே இருக்கும்போது மாணவன் தடுமாறலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வகுப்புக்கு வராமல் இருக்கமுடியாது. போன்ஹோஃபர் கண்டித்தது அந்த வராமையைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

புதிய வாசகர்:

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் அழகாகச் சொன்னாரே, நாளை உலகம் முடியும் என்று தெரிந்தாலும் இன்று ஓர் ஆப்பிள் மரம் நடுவேன் என்று. இந்த இழை முழுவதுக்கும் அது பொருந்தும் என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, வாசகம் நல்லது. ஆனால் லூதருடைய எழுத்துகளில் அது கிடைக்கவில்லை. இதுவரை கிடைத்த எழுத்துச் சான்றுகளில் பழையது 1944-ஐச் சேர்ந்தது. அவர் பெயரைச் சேர்க்காமல் சொல்லலாம்.

அதற்கு நேர்மாறாக நடந்த ஒன்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று எதிர்பார்த்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலில் விட்டார்கள். அந்த நாள் வந்து போயிற்று. "பெரும் ஏமாற்றம்" என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அவர்களுடைய ஆவலைக் குறை சொல்லமாட்டேன். நம்மில் பலருக்கு அந்த ஆவலில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர வேறொருவரும் அறியார்கள் என்று குமாரனே சொன்னபிறகு, நமக்கு நாட்காட்டி எதற்கு? தெசலோனிக்கேயிலும் இதே சிக்கல் இருந்தது. சிலர் வேலை செய்யாமல் அலைந்தார்கள். அமைதலோடே வேலைசெய்து தங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடவேண்டும் என்று பவுல் அவர்களுக்குக் கட்டளையிட்டார். வருகையை எதிர்பார்க்கிறவனுக்கு அவர் கொடுத்த முதல் பாடம் அன்றன்றைய வேலை.

திருவிழிப்பு:

நான் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தவன். இங்கு எல்லோரும் அன்போடு பேசுவதால் துணிந்து எழுதுகிறேன்.

எங்கள் வழிபாட்டு ஆண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. பலரும் நினைப்பதுபோல் அன்று குழந்தை இயேசுவைப் பற்றிய வாசகம் வருவதில்லை. ஆண்டவரின் இறுதி வருகையைப் பற்றிய நற்செய்திப் பகுதியே மூன்று ஆண்டுச் சுழற்சியிலும் வாசிக்கப்படுகிறது. மூன்றாவது ஆண்டில் வருவது லூக்கா நற்செய்தி 21-ஆம் அதிகாரம். அதில் ஒரு வரி இந்த இழையின் முதல் கேள்விக்கு நேரான பதில் என்று நினைக்கிறேன். அந்த நாள் திடீரென வந்து சிக்கவைக்காதபடி உங்கள் உள்ளங்கள் மந்தமடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஆண்டவர். எவற்றால் மந்தமடையும்? களியாட்டம், குடிவெறி, மூன்றாவதாக இவ்வுலக வாழ்க்கைக்குரிய கவலை.

கவலையைக் குடிவெறியோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டார்! கவலைப்படுகிறவன் தன்னைப் பொறுப்புள்ளவன், விழிப்புள்ளவன் என்று நினைத்துக்கொள்கிறான். இயேசுவோ அவனும் மயங்கித்தான் இருக்கிறான் என்கிறார். அப்படியானால் கவலைப்படாதே என்பதும் விழித்திரு என்பதும் முரண்பட்ட இரண்டு கட்டளைகள் ஆகா. கவலையை விடுவதே விழிப்பின் ஒரு பகுதி.

நடைமுறையில் எனக்கு உதவுவது இரண்டு பழைய வழக்கங்கள். ஒன்று, புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த அன்றாட ஆன்ம ஆய்வு. அது குற்றப்பட்டியலோடு தொடங்காது. இறைவனுக்கு நன்றி சொல்லித் தொடங்கும். அந்த வரிசையை மாற்றாமல் செய்தால் அதன் பயன் தெரியும். மற்றொன்று, திருப்புகழ்மாலை என்னும் எங்கள் அன்றாட மன்றாட்டு நூலின் இரவு மன்றாட்டில் வரும், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனின் பாடல். என்னை இப்போது அமைதியுடன் போகவிடுகிறீர் என்று அந்த முதியவர் சொன்னதை ஒவ்வோர் இரவும் சொல்லிவிட்டுத் தூங்குவது. முடிந்த வேலையையும் முடியாத வேலையையும் ஒப்படைத்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் எழுந்தால் அந்த நாள் கொடை.

அதிகாலை:

எல்லோருக்கும் நன்றி. லூக்கா 21-இல் கவலை அந்த வரிசையில் நிற்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. ஜெபக்குழுவில் இதை வாசித்துக்காட்டப் போகிறேன்.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். திட்டமிடுவது எந்த இடத்தில் கவலையாக மாறுகிறது? விண்ணப்பம் எழுத உட்கார்கிறேன். சற்று நேரத்தில் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று மனம் ஓடிவிடுகிறது. எல்லை எனக்குத் தெரியவில்லை.

தீத்துவின் வாசகர்:

திட்டம் ஓரிடத்தில் முடியும். இதைச் செய்தாயிற்று, மிச்சம் நாளைக்கு என்று எழுந்துவிடலாம். கவலைக்கு முடிவு இல்லை. செய்த வேலையையே மறுபடி மறுபடி சுற்றும். அப்படிச் சுற்றத் தொடங்கியதும் காகிதத்தை மூடிவிட்டு பிலிப்பியர் 4:6-க்குப் போய்விடுங்கள். ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபம் என்று அங்கே இருக்கிறது. அந்த ஸ்தோத்திரத்தை விட்டுவிட்டு ஜெபித்தால் கவலையையே தேவனிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

யாக்கோபு 4:13-15-ஐயும் சேர்த்து வாசியுங்கள். இந்தப் பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் தங்கி வியாபாரம் செய்வோம் என்று பேசுகிறவர்களிடம் யாக்கோபு திட்டத்தைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. ஆண்டவருக்குச் சித்தமானால் இன்னின்னதைச் செய்வோம் என்று சொல்லச் சொன்னார். வேலை பட்டியலில் இருக்கட்டும், ஆனால் பட்டியல் அவர் கையில் இருக்கட்டும்.

இதை வாழ்ந்து காட்டியவராக ஜார்ஜ் முல்லரைச் சொல்வேன். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836-இல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, தேவனிடம் மட்டுமே கேட்பது என்பது அவருடைய தீர்மானம். அவர் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். அவருடைய ஜெபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வந்த ஒவ்வொரு காணிக்கைக்கும் அவர் நுணுக்கமாகக் கணக்கு எழுதினார், ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டார் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. முழங்காலில் நின்றவரேதான் கணக்குப் புத்தகத்தையும் பிடித்திருந்தார்.

விளக்குத்தண்டு:

முல்லரைப் பற்றிச் சொன்னது முக்கியம். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சகோதரி அதிகாலை, வேலை இல்லாத நாட்களிலும் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். தொகை குறையலாம். பணம் இல்லையென்றால் நேரம் கொடுக்கலாம். விதவையின் இரண்டு காசுகளை ஆண்டவர் கவனித்தார். சேமிப்புக்கு வரம்பு எங்கே என்பதில் எனக்கும் தீத்துவின் வாசகருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நான் சற்றுக் கடுமையான பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் கொடுக்கிற கை இருக்கும்வரை அந்த வேறுபாடு நம்மைப் பிரிக்காது.

மௌனமலர்:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எஜமானே பந்தியில் பரிமாறுகிற இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

என் அக்காவின் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். நான் பயந்ததுபோல் அவர்கள் பயப்படக்கூடாது. ஆண்டவரின் வருகையைப் பற்றி அவர்களுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

யோவான் 14:1-3-இல் தொடங்கு மகளே. "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்பதுதான் அங்கே முதல் வார்த்தை. வருகிறவர் யார், எதற்கு வருகிறார், நம்மை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்பதெல்லாம் அந்த மூன்று வசனங்களில் இருக்கிறது. அதன்பின் 1 தெசலோனிக்கேயர் 4:13-18. பாட்டி படுக்கையில் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் மரணத்தைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள், அந்தப் பகுதி உனக்கு உதவும். கேள்வி கேட்கவிடு, பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். மத்தேயு 25-ஐ அதற்குப் பிறகு வாசி. ஆனால் கன்னிகைகளோடு நிறுத்தாதே. முழு அதிகாரத்தையும் ஒரே நாளில் வாசித்துவிட்டு, பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்துவிடு.